கடைசி அடி விழாத பாட்டு

மெர்கோங்கில் நண்பன் ஹெர்பர்ட்டின் வீட்டு வாசலில் கென்னத் மோட்டோவை நிறுத்தியபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. குருண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தான். வீட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது, வா என்று ஹெர்பர்ட்டின் அக்கா அகத்தா கூப்பிட்டிருந்தாள். பேய்க்குப் பயப்படுகிற நேரமா இது? அவனுக்குக் கண் எரிந்தது. எங்காவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது.

கதவைத் திறந்த அகத்தாவைப் பார்த்ததும், தன் களைப்பெல்லாம் ஒன்றுமேயில்லை என்று பட்டது. தம்பி ஹெர்பர்ட்டைப் புதைத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கன்னம் ஒட்டி, பாதி ஆளாகியிருந்தாள்.

"நீயே வந்து கேளு கென்னத். எனக்குத்தான் மண்ட கொழம்பிருச்சோன்னு பாத்தேன். பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. அவரு ஏறிப்போன கெரேத்தா ரோட்டத் தாண்டல, மறுபடி ஆரம்பிச்சிருச்சிலா."

பின்னறைக்குக் கூட்டிப்போனாள். கென்னத்தும் ஹெர்பர்ட்டும் மெட்டல் பாட்டு வாசித்து, தாங்களே பதிவு செய்த அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். பூட்டியே கிடந்ததில் அட்டை நமுத்து நாறியது. அதற்கு மேலே, அப்போதுதான் வாசித்து முடித்த ஆளின் வேர்வை வாடை.

கென்னத் சுவரில் காதை வைத்தான்.

தும். தும். தும். தும்.

ஹெர்பர்ட்டின் பாஸ் கித்தார். கடைசியாகப் பதிவு செய்த பாட்டு.

"ரவ்வும் பகலும் இதேதான்," என்றாள் அகத்தா. "நான் தூங்கணும் தம்பி. அவனும் தூங்கணும். ஏதாச்சும் செய்யி."

கென்னத்துக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அவர்களிடம் இருந்த கேசட் மெஷினில் ஒலி பதிய நான்கு தடம்தான். டிரம்ஸுக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று என்று விட்டால், இரண்டு கித்தாரும் குரலும் எங்கே போகும்? அதனால் டிரம்ஸையும் பாஸையும் ஒரே தடத்தில் கலந்துவிட்டு, பழைய இரண்டையும் அழித்து, அதன்மேல் கித்தார் வாசிப்பார்கள். கலந்தால் கலந்ததுதான், பிரிக்க முடியாது. அன்றைக்கும் கென்னத் இரவு வேலை முடித்துத்தான் வந்திருந்தான். கலக்கும்போது கண் சொருகி, டிரம்ஸின் கடைசி அடி விழுமுன்பே நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டான். பழையதை அழித்த பிறகுதான் அது தெரிந்தது. போகுதுலா, இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம் என்றான் ஹெர்பர்ட். மறுநாள் குருண் சாலையில் அவனை லாரி அடித்துவிட்டது.

ஹெர்பர்ட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கென்னத்தின் கடைசி அடி விழாமல் பாஸை நிறுத்தமாட்டான். விரல் கிழிந்தாலும் ஓட்டிக்கொண்டே இருப்பான்.

அந்த அடி இப்போது எந்தத் தடத்திலும் இல்லை.

கென்னத் கேசட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டினான். பாட்டு ஓடியது. முடிவில் டிரம்ஸ் பொட்டென்று அறுந்தது.

பாஸ் அறுபடவில்லை.

கேசட் தீர்ந்து மெஷின் தானாக நின்றது. அப்புறமும் காதில் தும் தும். மூச்சு வாங்குகிற சத்தம் வேறு. கென்னத் ஹெட்போனைக் கழற்றி வீசினான். பயந்தான், நன்றாகவே பயந்தான். ஆனால் அதைவிட, பாவி, எத்தனை நாளாய்த் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் தோன்றியது.

பிளக்கைப் பிடுங்கினான். டிரம்ஸை மூடியிருந்த போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, சுவத்துகிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருங்க."

சுவரோடு சேர்ந்து வாசித்தான். கை கனத்தது. பாஸ் அவனோடு ஒட்டிக்கொண்டது, பழையபடி. முடிவு வந்தது. சிம்பலையும் பெரிய டிரம்மையும் சேர்த்து ஓங்கி அடித்தான்.

நின்றது.

அகத்தா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "நின்னுருச்சி," என்றாள். சொல்லும்போதே கண் மூடிக்கொண்டது. கென்னத் நெற்றியை டிரம்மின்மேல் சாய்த்தான். அப்பாடா. ஒரு மணிநேரம் இப்படியே கிடந்தால் போதும்.

அப்போது மிகப் பக்கத்தில், களைத்த குரலில், யாரோ கேட்டார்கள்.

"அடுத்தது எந்தப் பாட்டுடா?"

கென்னத் தலையைத் தூக்கவில்லை.

அகத்தா கண்ணைத் திறக்கவில்லை. "கேக்குறான்லா," என்றாள். "பதில் சொல்லு."

சுவருக்குள், அவசரமே இல்லாமல், கம்பிகளை ஒவ்வொன்றாய் முறுக்கிச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.