சத்தம் குறைந்த புதன்கிழமை

இசைவாணிக்குப் பாட வராது.

இது கிளியனூர் முழுக்கத் தெரிந்த செய்தி. மூன்றாம் வகுப்பில் ஒருமுறை அவளை மேடையேற்றிக் கடவுள் வாழ்த்து பாடச் சொன்னார்கள். முதல் வரி முடிவதற்குள் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அன்றிலிருந்து, "பேரு இசைவாணி, பாடினா ஊரே காலி" என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள்.

"பாட வரலன்னா இன்னா? எனக்குக் கேக்க வரும்!" என்பாள் அவள்.

அவளுடைய அப்பா செல்வகுமார் மைக் செட் போடுகிறவர். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா என்று எங்கே கூட்டம் கூடினாலும் 'அம்சா சவுண்டு சர்வீஸ்' வண்டி அங்கே நிற்கும். அம்சா என்பது அம்மாவின் பெயர்.

"நம்ம செட்டு சத்தத்துக்கு மேல கேக்கறது உங்கம்மா குரல் ஒண்ணுதான். அதான் அந்தப் பேரை வச்சேன்" என்பார் அப்பா, அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஒருநாள் மாலை, அப்பா பழுது பார்த்து வைத்திருந்த ஹெட்போனை இசைவாணி காதில் மாட்டிக்கொண்டாள். பென் டிரைவிலிருந்த புல்லாங்குழல் இசையைப் போட்டாள். கல்யாணப் பந்தி நடக்கும்போது அப்பா எப்போதும் போடுவதுதான். எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் அன்று அதில் புதிதாக ஒன்று கேட்டது. ஒவ்வொரு முறை குழல் தொடங்குவதற்கு முன்பும் ஒரு சின்ன 'ஸ்ஸ்'.

வாசிக்கிறவர் மூச்சை இழுக்கிறார்!

முகம் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகவே வாசிப்பதுபோல் இருந்தது. இசைவாணிக்கு உடம்பு சிலிர்த்தது. இதை நம் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேட்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தாள்.

அவள் முடிவு செய்துவிட்டால் உடும்புப் பிடிதான். திண்டிவனத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் அவள், தலைமை ஆசிரியை பிரபாவதி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனாள்.

"எத்தனை தடவைதான் கேப்ப? சரி, புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல அரை மணி நேரம் எடுத்துக்கோ. ஆனா கூச்சல் கூடாது" என்றார் அவர் கடைசியில்.

புதன்கிழமை வந்தது. அப்பா ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ்களைப் பள்ளி மேடையில் வைத்துவிட்டுப் போனார். இசைவாணி புல்லாங்குழலைப் போட்டாள்.

"இன்னாது இது, தூக்கம் வருது! குத்துப் பாட்டு போடு!" என்று ஒரு குரல் எழுந்தது.

அது ஜெகதீசன். அவளுடைய வகுப்புதான், அவளுடைய ஊர்தான். டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் தட்டியபடி அவன் கத்த, பின்னால் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

இசைவாணி சத்தத்தைக் கூட்டினாள். அவர்கள் அதற்கு மேல் கத்தினார்கள். அவள் இன்னும் கூட்டினாள். அவர்கள் இன்னும் கத்தினார்கள். மரத்திலிருந்த காக்கைகள், இந்த வம்பே வேண்டாம் என்று பறந்துவிட்டன.

பிரபாவதி டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இசைவாணி சட்டென்று செட்டை அணைத்தாள்.

"...நிறுத்தப் போறியா இல்லையா!" என்ற டீச்சரின் குரல் மைதானம் முழுக்க எதிரொலித்தது.

பிறகு அவர் அவளைத் தனியே அழைத்தார். "அடுத்த புதன்கிழமையும் இதே கூத்துன்னா அவ்வளவுதான், இசைவாணி. புகழேந்தி சார் அந்த அரை மணி நேரத்தைக் கணக்கு டெஸ்டுக்குக் கேட்டுட்டு இருக்கார். அவருக்குக் குடுத்துடுவேன்."

இசைவாணி மரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

"இதுக்கா அழுவுற? கணக்கு டெஸ்ட் வருதுன்னு எல்லார் கிட்டயும் சொல்லிடு. பயத்துல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க" என்றாள் தோழி வெண்ணிலா.

இசைவாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "வேணாம். பயந்துகினு சும்மா இருக்கறது வேற, கேக்கறது வேற. எனக்கு அவங்க கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒலக்கூரில் ஒரு காது குத்து விழா. அப்பாவுக்கு ஒயர் சுற்றிக் கொடுக்க இசைவாணியும் போனாள். பாக்ஸ் அலறியது. பந்தலில் அத்தனை பேரும் அதற்கு மேல் அலறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பாட்டு ஓடுகிறது என்று யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

பந்தலின் ஒரு மூலையில் மட்டும் மூன்று வாண்டுகள் ஒரு செல்போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டி உட்கார்ந்திருந்தன. போனில் ஏதோ பாட்டு, மிகவும் மெதுவாக. வழியில் போன ஒரு மாமா, "இன்னாடா பண்றீங்க?" என்றார்.

"ஷ்ஷ்! கேக்கல, தள்ளிப் போ மாமா!" என்று மூன்றும் ஒன்றாகச் சீறின.

இசைவாணி ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பெரிய சத்தத்தை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. சின்னச் சத்தத்துக்குச் சண்டையே நடக்கிறது!

திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் ஜெகதீசன் அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தான். இசைவாணி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஜெகதீசா, புதன்கிழமை நீ கத்தாம இருக்கணும்."

"இன்னாத்துக்கு? ஒம் பாட்டை மட்டும் நாங்க கேக்கணும். எங்க பாட்டை நீ ஒரு நாளாவது கேட்டியா?"

இசைவாணிக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. பள்ளிக்கூடம் வரும்வரை பொறுத்துப் பார்த்தாள். கோபம் போகவில்லை, நியாயமும் போகவில்லை.

"சரி, ஒனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டைக் குடு. கேக்கறேன்" என்றாள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது.

"கிண்டல் பண்ண மாட்டியே?"

"மாட்டேன்."

அன்று மாலை அவன் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். இசைவாணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வெறும் டமடம என்றுதான் கேட்டது. மறுபடி போட்டாள். இரண்டு மேளங்கள் பேசிக்கொள்வதுபோல் இருந்தது. அட, பரவாயில்லையே! மறுபடியும் போட்டாள். இப்போது மேளத்துக்கு அடியில், எங்கோ தூரத்தில், சலங்கை ஒன்று குலுங்கி மறைந்தது.

மறுநாள் பஸ்ஸில், "ஒம் பாட்டுல அந்தச் சலங்கை ரொம்ப நல்லாருக்குது" என்றாள்.

"சலங்கையா? அதுல ஏது சலங்கை?"

"மேளத்துக்கு அடியில வருதே."

"பொய் சொல்லாத! நான் தெனமும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கினு இருக்கேன்."

ஆனால் புதன்கிழமை காலை அவன் முகம் வாடியிருந்தது. "நேத்து பூரா போன்ல கேட்டுப் பாத்தேன். சலங்கையக் காணோம். எங்கூட்டுல ஒரே கத்தல், பேஜாரா பூட்சி."

"மத்தியானம் வா. கேக்க வைக்கறேன்" என்றாள் இசைவாணி.

அன்று அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்தது, டிபன் கேரியர் அளவுக்கு ஒரு சின்னப் பாக்ஸ்.

"இதுவா? இதோட சத்தம் பத்தடி கூடப் போவாதும்மா. செல்வகுமார் செட்டு இவ்ளோதானான்னு என்னைத்தான் கேப்பாங்க" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"பத்தடி போதும்ப்பா."

மத்தியானம், மேடையை விட்டுவிட்டு, புங்க மரத்தடியில் பாக்ஸை வைத்தாள். பாட்டை மெதுவாகப் போட்டாள்.

"கேக்கல!"

"சத்தமா வையி!"

"கிட்ட வாங்க, கேக்கும்" என்றாள் இசைவாணி. சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இது ஜெகதீசனோட பாட்டு. இதுக்குள்ள ஒரு சின்னச் சத்தம் ஒளிஞ்சிகினு இருக்குது. அது இன்னான்னு கண்டுபிடிக்கணும்."

பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் நின்றவர்கள் சலசலத்தார்கள்.

"டேய், கம்முனு இருங்கடா! எனக்குச் சலங்கை கேக்கணும்!" என்று ஜெகதீசன் திரும்பிக் கத்தினான்.

"நீயே சொல்லிட்டியே!" என்று வெண்ணிலா தலையில் கை வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, அந்தச் சலங்கை எங்கே என்று கேட்க எல்லோரும் வாயை மூடினார்கள்.

ஜெகதீசன் கண்களை இறுக மூடியிருந்தான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"இருக்குது! ஐயோ, இத்தினி நாளு அங்கதான் இருந்துதா!"

"எனக்கும் கேட்டுச்சு!" "எனக்கும்!" என்று நாலா பக்கமும் கிசுகிசுத்தார்கள்.

அடுத்து இசைவாணி புல்லாங்குழலைப் போட்டாள். "இதுல ஒளிஞ்சிருக்கறதை நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அப்போதுதான், இன்றைக்கும் அதே கூத்துதான் நடக்கும் என்று நினைத்துப் புகழேந்தி சார் வினாத்தாள் கட்டோடு வந்தார். "எல்லாரும் கிளாசுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ஷ்ஷ்!" என்றான் ஜெகதீசன், திரும்பிப் பார்க்காமலேயே. பிறகுதான் பார்த்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். சார் திகைத்துப்போய் அப்படியே நின்றார்.

யாரும் அசையவில்லை. புல்லாங்குழல் நின்றது. மறுபடி தொடங்கப் போனது.

"யாரோ மூச்சு வுடுறாங்க!" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பிரபாவதி டீச்சர் வேகமாக வந்தார். "ஒரு சத்தமும் இல்லையே, கரண்ட் போயிடுச்சோன்னு பாக்க வந்தேன்" என்றவர், கூட்டத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன சார், டெஸ்ட் வைக்கலாமா?"

புகழேந்தி சார் வினாத்தாள் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அதை வேற நேரத்துல பாத்துக்கலாம் மேடம். இவங்க இன்னொரு தடவை போடட்டும். எனக்கு அந்த மூச்சு சரியா கேக்கல."

டீச்சர் சிரித்தார். "அப்போ அடுத்த புதன்கிழமை யாரோட பாட்டு?"

மரத்தடி முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஆறாம் வகுப்புச் சிறுமியின் கைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போனபோது, பாக்ஸை எடுத்துப்போக அப்பா வந்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் அப்பவே சொல்லல? ஸ்கூல் கேட்டுக்கு வெளியவே நின்னுகினு இருந்தேம்மா. ஒரு சத்தமும் வரல. செட்டு வேல செய்யலயா?"

இசைவாணி சின்னப் பாக்ஸைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சூப்பரா வேல செஞ்சுதுப்பா. அடுத்த வாரமும் இதையே குடுங்க."