கரைக்கு ஒரு மூச்சாள்

வெளியீட்டுக்கு முந்தைய நாள் காலையில் மூன்று நாற்காலிகளையும் சிவந்தியே துடைத்து வைப்பான். அதற்கு வேறு ஆள் உண்டு. இருந்தாலும் அவன் விடுவதில்லை. முதல் நாற்காலி மேகத்துக்கு, இரண்டாவது வல்லத்துக்கு, சன்னலோரம் கிடப்பது கரைக்கு. மூன்று மூச்சாட்களும் வந்து உட்கார்ந்து, காறை எலும்புக்குக் கீழே இருக்கும் துளையில் கம்பியைச் செருகிக்கொள்வார்கள். சிவந்தி நிரலின் புதிய பதிப்பை அவர்கள் நெஞ்சுக்குள் அனுப்புவான். சற்று நேரம் கழித்து, மூச்சு சீராக வந்தால், ஒவ்வொருவரும் ‘வருது’ என்று சொல்ல வேண்டும். மூன்று வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்தால்தான் பதிப்பு தூத்துக்குடிக் கடற்கரை முழுக்கப் போகும்.

மனிதர்களின் மார்பு ஏறி இறங்குவது நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தூசி வந்தபின் பெரியவர்கள் மூச்சுச்சீராக்கி பொருத்திக்கொண்டார்கள்; குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே பொருத்திவிடுகிறார்கள். அது காற்றை வடிகட்டி நேராக இரத்தத்தில் கலக்கிறது. பேசுவதற்கு மட்டும் தொண்டை வழியே கொஞ்சம் காற்று போய்வரும். மற்றபடி ஒருவர் மூச்சை இன்னொருவர் பார்க்க முடியாது. உறங்குகிறவரும் இறந்தவரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கிடப்பார்கள். தொட்டு எழுப்பினால்தான் தெரியும்.

சீராக்கியை மூன்று நிறுவனங்கள் செய்தன. மூன்றுக்கும் மேகம், வல்லம், கரை என்று மூன்று இயங்குதளங்கள். ஒவ்வொரு பருவத்திலும் தூசியின் தன்மை மாறுவதால் வடிகட்டும் நிரலும் மாற வேண்டும். அதை மூன்று முறை எழுத நேரம் கிடையாது. ஆகவே நடுவில் ஒரு பொது நிரலகம். ‘காத்திரு’, ‘விழி’, ‘எவ்வளவு நேரமாயிற்று’ என்று நிரல் கேட்டால், அந்தந்தத் தளத்துக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது அதன் வேலை. அந்த நிரலகத்தைப் பராமரிப்பது சிவந்தி.

அன்று மேகமும் வல்லமும் ‘வருது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். சன்னலோர நாற்காலியில் ஜெசிந்தா மட்டும் இருந்தாள். மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை பார்ப்பவள். கரைக்குப் பல வருடங்களாக அவள்தான் மூச்சாள்.

“நான் செத்தா இந்த நாற்காலிய வீட்டுக்கு அனுப்பிரு, தம்பி. இருந்து இருந்து என் முதுகுக்கு ஏத்தாப்ல ஆயிருச்சு.”

“பேசாம இருங்கக்கா. உறக்கச் சோதனை.”

சிவந்தி அவளது சீராக்கியைத் தூக்கநிலைக்கு அனுப்பினான். புதிய வடிகட்டி மின்கலத்தை அதிகம் தின்றது. ஆகவே ஆள் உறங்கும்போது சீராக்கியும் இடையிடையே உறங்கி, விழித்து, காற்றைத் தர வேண்டும் என்று இந்த முறை எழுதியிருந்தான். திரையில் பச்சைக்கோடு நேராக ஓடியது. ஜெசிந்தாவின் கை நாற்காலியின் விளிம்பைப் பற்றியது. நகங்கள் நாவற்பழ நிறத்துக்குப் போயின. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தன.

“வரல,” என்றாள். “நடுவுல ஒரு கெணறு கெடக்குல. விழுந்து எந்திரிச்சேன்.”

திரையில் கிணறு எதுவும் இல்லை. சிவந்தி வெகுநேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புரிந்தது. மேகத்திலும் வல்லத்திலும் தளம் உறங்கினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கரையில் கடிகாரமும் சேர்ந்து உறங்கிவிடும், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். இத்தனை நாள் கரையை உறங்கவே விட்டதில்லை என்பதால் இது யாருக்கும் தெரியவில்லை. எல்லா அளவிகளும் அந்தக் கடிகாரத்தையே பார்ப்பதால் கிணற்றில் விழுந்த நேரம் எதிலும் பதியாது. விழுந்தவருக்கு மட்டுமே தெரியும். இப்படி அளவிகளுக்குத் தெரியாததைச் சொல்லத்தான் மூச்சாள் என்ற ஏற்பாடே வந்தது.

கரையைச் செய்த நிறுவனம் மூடிப் பல காலம் ஆகிறது. மலிவாகக் கிடைத்த நாளில் துறைமுகத்தை ஒட்டிய ஒரே தெருவில் சில நூறு பேர் பொருத்திக்கொண்டார்கள். பொருத்தியதை எடுத்தால் ஆள் மிஞ்சுவதில்லை.

தலைமை நிலையத்திலிருந்து மதுவந்தி அழைத்தாள். சிவந்தி ஒலிபெருக்கியை அணைக்க மறந்தான்.

“திருத்த எத்தனை நாள் வேணும்?”

“கடிகாரத்த நம்ப முடியாது. நாடித்துடிப்ப எண்ணி நேரம் பாக்கணும். மூணு வாரம்.”

“தூசி இந்த வாரமே வருது, சிவந்தி. மூணு பேரும் சொல்லலைன்னா யாருக்கும் அனுப்ப முடியாது. இல்லன்னா கரைக்கு ஆதரவை நிறுத்திடணும்.”

“நிறுத்தினா பழைய வடிகட்டி. புதுத் தூசில அவங்க எத்தனை நாள் தாங்குவாங்க?”

இணைப்பு இருக்கிறதா என்று சிவந்தி பார்த்தான். இருந்தது.

“நாளைக்குக் காலைல அந்தம்மாவ இன்னொரு தடவை உட்கார வைங்க,” என்றாள் கடைசியாக. “அதுக்கு மேல என்னால தள்ள முடியாது.”

ஜெசிந்தா கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி, வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வந்தபோது பத்து விரல்களிலும் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. மீன் செதிலில் புழங்கும் கை. அதில் பூச்சு ஏறி அவன் பார்த்ததே இல்லை.

“என்னக்கா இது?”

“ஏன், எனக்கு ஆசை இருக்கப்படாதா? ஷைனி குப்பில கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு.” ஷைனி அவள் மகள். கட்டிக்கொடுத்த வீட்டில் எல்லோரும் வல்லம். ஷைனிக்கும் பிறக்கும்போது பொதுமருத்துவமனையில் வல்லம்தான் இருந்தது. ஷைனியின் கைக்குழந்தைக்கும் அதுவே.

சிவந்தி தூக்கநிலைக்கு அனுப்பினான். பச்சைக்கோடு ஓடியது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தாள். செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கின.

“வருது,” என்றாள்.

“அக்கா.”

“வருதுன்னுட்டேன்ல. எழுது.”

“நான் ஒரு எழுத்தும் மாத்தல. நேத்து இருந்த அதே பதிப்புதான்.”

“தெரியும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “கேளு, தம்பி. நான் இல்லன்னு சொன்னா என் பேரன் மூச்சு நிக்கும். நீ எங்கள வெட்டிவிட்டா எங்க தெரு மொத்தமும் போகும். ஆமான்னு சொன்னா வடிகட்டி வந்துரும். கெணறு ஒறக்கத்துல மட்டுந்தான?”

“ஆழ்ந்த உறக்கத்துல.”

“அப்ப ஆழமா ஒறங்காம இருந்துக்கிடுதோம். முறை போட்டு ஒருத்தர ஒருத்தர் எழுப்பிக்கிடுதோம். மூணு வாரம்தான? நான் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?”

“யாரு சும்மா ஒத்துக்கிடுவா? ஏசுனாவ. பொறவு முறை எழுத ஒக்காந்தாவ.”

சிவந்தியின் விரல் வெளியீட்டு விசையின் மேல் நின்றது. அவள் கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டும் வரை அவன் அழுத்தவில்லை. பிறகு அழுத்தினான்.

அந்த வாரமே தூசி வந்தது. சன்னல்கள் துருநிறமாயின. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அறிவிப்புப்பலகைகள் சொல்லின.

சிவந்தி நாடித்துடிப்பை எண்ணும் பகுதியை எழுதிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது, காய்ச்சலுக்குக் காய்ச்சல் அது மாறியது. நண்பகலில் சில நாட்கள் துறைமுகத் தெரு வழியாக நடப்பான். கதவுகள் திறந்தே இருக்கும். கூடத்தில் பாய்களில் வரிசையாக ஆட்கள் கிடப்பார்கள். நடுவில் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சற்றுக்கொருதரம் எழுந்து, வரிசையின் ஒரு முனையிலிருந்து தோள்தோளாக உலுக்கிக்கொண்டு போவார். கண்கள் திறந்து மூடும். யாரும் திட்டுவதுகூட இல்லை. மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி தொடங்க வேண்டும்.

ஒருமுறை ஜெசிந்தா முக்காலியில் இருந்தாள். அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“முடிஞ்சுதா?”

“முடியப் போகுது.”

“சீக்கிரம்ல. இவன்வ கொறட்டைகூட விட மாட்டேங்கானுவ. எவன் இருக்கான் எவன் போயிட்டான்னே தெரியல.” சிரித்துவிட்டு அடுத்த தோளை உலுக்கப் போனாள்.

திருத்தம் முடிந்த அன்று அவன் மூன்று நாற்காலிகளையும் துடைத்தான். மேகம் வந்தது, வல்லம் வந்தது. சன்னலோரம் வேறொருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கைகளை அக்குளில் கட்டியிருந்தார்.

“நான் ராயப்பன். ஜெசிந்தாளுக்குப் பக்கத்து வீடு.”

சிவந்தி அவரையே பார்த்தான்.

“முந்தாநாள்,” என்றார் ராயப்பன். “நான்தான் முக்காலில இருந்தேன். அவள எழுப்புற முறை எனக்கு.” நிறுத்தினார். “நான் கண்ணசந்தது எனக்கே தெரியல, தம்பி. முழிச்சுப் பாத்தா அவ போயிட்டா.”

வெளியே யாரோ வண்டியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. மற்ற இருவரும் தங்கள் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ராயப்பன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பியைச் செருகினார்.

“கைய மேல வைங்க.”

அவர் தயங்கினார். பிறகு வைத்தார். வலை இழுத்துத் தடித்த விரல்கள். பத்திலும் அதே சிவப்பு.

“அவ குப்பிதான். மிச்சம் இருந்துச்சு,” என்றார். “இன்னைக்கும் இல்லன்னா எங்கள வெட்டிருவீங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாவ. வருதோ, வரலையோ, வருதுன்னு சொல்லிட்டு வரச் சொன்னாவ.”

சிவந்தி அலமாரியிலிருந்து கம்பி முனை துடைக்கும் திரவத்தையும் துணியையும் எடுத்து வந்தான். தரையில் உட்கார்ந்தான். ஒவ்வொரு நகமாகத் துடைத்தான். ராயப்பன் தடுக்கவில்லை. கட்டைவிரலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை மட்டும் இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது.

பிறகு தூக்கநிலைக்கு அனுப்பினான். திரையைப் பார்க்கவில்லை. வெறும் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை வெளிர்ந்த இளஞ்சிவப்பாகவே இருந்தன. நிறம் மாறவில்லை. பிறகும் மாறவில்லை.

“வருது,” என்றார் ராயப்பன்.

சிவந்தி அப்போதும் நகங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு முறை தூக்கநிலைக்கு அனுப்பினான். மறுபடியும் ஒரு முறை. அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விசையை அழுத்த இனி அவனால் முடியாது. கடைசியில் எழுந்து அழுத்தினான்.

“சரியாயிருச்சு. இனி ஒழுங்கா தூங்கலாம். தெருவுல சொல்லுங்க.”

ராயப்பன் கம்பியைக் கழற்றி, எங்கே மாட்டுவதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். சிவந்தி வாங்கி ஆணியில் மாட்டினான்.

“சொல்லுதேன்,” என்றார் அவர். “ஆனா யாரும் நம்ப மாட்டாவ, தம்பி. போன தடவையும் வருதுன்னுதான சொன்னோம்?”

வாசலில் நின்று தூசித்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் மங்கலாக வந்தது.

“முறை போட்டாச்சு. இன்னைக்கும் நான்தான் முக்காலி.”