மெல்லப் பேசும் வீடு

நாற்காலிக் கால்களில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. தரை கீறாமல் இருக்கத்தான் என்று முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் கதவு விளிம்பில், அலமாரித் தட்டில், தண்ணீர்ச் செம்பின் அடியில், எங்கும் அதே துணி. தொண்ணூறைத் தாண்டிய அந்த வீட்டுத் தையல்காரர் ஆயுசு முழுக்கக் கையாலேயே தைத்தவராம். மெஷின் சத்தம் போடும் என்றார்.

போர்க்கால நினைவுகளை நூலகத்துக்காகப் பதிவு செய்வது அவள் வேலை. அலுவலகத்தில் அவளைச் சாவி என்று கேலி செய்வார்கள். எப்பேர்ப்பட்ட பூட்டிய வாயையும் திறந்துவிடுவாளாம். இவரிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. உதடு அசைந்ததே தவிர குரல் எழும்பவில்லை, மைக்கை அவர் சட்டைப் பொத்தான் வரை தள்ள வேண்டியிருந்தது. வெளியே மாலை வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே மாடிப்படியின் மூடிய கதவுக்கு அடியிலிருந்து ஈரத் தோலும் பூட்ஸ் பாலிஷும் கலந்த ஒரு வாடை கசிந்துகொண்டே இருந்தது. மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் கதையை ஆரம்பித்தார்.

அந்நியப் பட்டாளம் ஊரைப் பிடித்தபோது ஒரு துரை இந்த மாடியை எடுத்துக்கொண்டான். அவனுக்குச் சத்தம் ஆகாது. கீழே ஒரு தட்டு விழுந்தாலும் பூட்ஸ் காலால் தரையைத் தட்டுவான். உடனே வீட்டில் ஒருவர் மேலே போக வேண்டும். அடுத்த சத்தத்துக்கு அடுத்த ஆள் போனால்தான் முன்னால் போனவர் இறங்கலாம். ஒருநாள் அம்மா கையிலிருந்து குடம் நழுவியது. அக்கா போனாள். அந்த வாரமே பட்டாளம் ஊரைக் காலி செய்தது. துரை இறங்கியதை யாரும் பார்க்கவில்லை, அக்காவையும்தான். அப்பா ஏறிப் பார்த்தபோது அறை காலி. கீழே வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேல் நடக்கும் சத்தம்.

"அவ இறங்கி வரணும்னா இன்னொருத்தர் போகணும்மா," என்றார். "யார் போறது? அதான் நாங்க யாருமே சத்தம் போடல."

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், எல்லாப் பெரியவர்களிடமும் கடைசியில் செய்வதைச் செய்தாள். தங்கள் குரலைத் தாங்களே கேட்டால் அவர்கள் குழந்தைபோல் சிரிப்பார்கள். பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினாள். காலையில் காது கேளாத ஒருவருக்காக ஒலியை முழுதாக ஏற்றி வைத்தது நினைவில்லை.

"அவ இறங்கி வரணும்னா" என்று வீடே அதிர்ந்தது.

பதறி அணைத்தாள். கிழவர் மூச்சுவிடவில்லை. அவளும் விடவில்லை.

மேலே, சரியாக அவள் தலைக்கு நேராக, யாரோ தரையைத் தட்டினார்கள்.

அவர் முகத்தில் முதலில் வந்தது பயம்தான். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஆசை. பச்சை ஆசை.

"எனக்கு முட்டி மடங்காதும்மா," என்றார். முதல்முறையாக முழுக் குரலில். "நீதான் போகணும்."

வாசல் கதவுக்கு ஓடினாள். இழுத்தாள். அசையவில்லை. தோளால் மோதினாள். கத்தினாள். மறுபடி தட்டும் சத்தம். பொறுமையிழந்த சத்தம். வாடை தொண்டைக்குள் இறங்கியது.

முதுகுக்குப் பின்னால் ஒரு தாழ் விலகியது.

திரும்பினாள்.

மாடிப்படிக் கதவு திறந்திருந்தது. கடைசிப் படியில், தன் வாயைத் தன் கையாலேயே இறுகப் பொத்தியபடி, இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண். கிழவர் "அக்கா" என்று விம்மினார். அந்தச் சிறுமி அவரைப் பார்க்கவில்லை. வாசலருகே நின்றவளையே பார்த்தாள். பிறகு சுவரோடு ஒட்டி, மேலே போக வழிவிட்டு, ஒதுங்கி நின்றாள்.