அபுந்தியோவுக்குப் போட்ட சிலுவை

சாம்பிராணிச் சட்டியின் சாம்பலைத் தட்டலாம் என்று விடிந்ததும் கூடத்துக்கு வந்தபோதுதான் எர்லிந்தா கவனித்தாள். தரையில் போட்டிருந்த சுண்ணாம்புச் சிலுவையின் கால் சுவரைத் தொடவில்லை.

நேற்று தொட்டிருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொண்ட நெட்டை மனிதன் அவள் கணவன் அபுந்தியோ. அவனுக்குச் சிலுவை போட இந்தக் கூடமே பத்தாது என்று, துக்கத்துக்கு வந்தவர்கள் துக்கத்தோடு துக்கமாகக் கிண்டலும் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சவப்பெட்டி இருந்த இடத்தில், அவன் நீளத்துக்குச் சரியாக, தலைமாட்டிலிருந்து சுவர் வரைக்கும், செபம் சொல்ல வந்த அம்மா வெள்ளையாக இழுத்திருந்தாள். ஒன்பது நாள் செபமான நவநாள் முடிகிற மாலையில், சிலுவைக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறவர் வந்து, பாட்டோடு பாட்டாக, தலை, கைகள், கால் என்று அந்தச் சுண்ணாம்பைக் கூட்டி அள்ளிக் கல்லறைக்குக் கொண்டுபோவார். அதுவரை ஆன்மா வீட்டை விட்டு நகராது. அந்த வீட்டு அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் மட்டும் சிலுவையைத் தொடக் கூடாது. ஊரில் யாரும் அதை மீறியதில்லை.

இப்போது சுவருக்கும் சிலுவைக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு வெறும் செங்கல் தரை தெரிந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலி ஓடியிருந்தால் தடம் இருக்க வேண்டும். காற்று என்றால் தூள் சிதறியிருக்கும். ஆனால் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக இருந்தது.

சமையலைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் காசில்டாவிடம் சொன்னாள். அவள் ரொட்டிக்கு மாவு தட்டிக்கொண்டே, தூங்காத கண்ணுக்கு வீடே நடக்கும், போய்க் கொஞ்சம் படுங்கள் என்றாள். எர்லிந்தா படுக்கவில்லை. அவள் மனம் அந்தச் செபக்காரம்மாவைச் சுற்றியே வந்தது.

செபக்காரம்மா தினமும் இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். சாம்பல் நிறச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருப்பாள். மழை பெய்து மாதக்கணக்காகியும் அவள் நுழைந்தால் ஈர மண் வாடை அடிக்கும், கோபல் பிசின் புகையைத் தாண்டி, செண்டுமல்லி வாடையைத் தாண்டி, யாரோ பக்கத்தில் குழி தோண்டுகிற மாதிரி. குரல் மட்டும் தேன். செபமாலை முடிந்து எல்லாருக்கும் குடிக்கச் சாக்லேட்டும் தின்ன முட்டை ரொட்டியும் கொடுத்தால், அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். போன பிறகு பார்த்தால் ஆடை படர்ந்து நிறைய நிறைய இருக்கும். கிளம்பும்போது எர்லிந்தாவின் மகள் மார்செலினாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பாள். அந்தக் கை தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

அடுத்த நாளும் சிலுவை குறைந்தது. அதற்கடுத்த நாளும். அன்றைக்குச் சமையற்கட்டில், சும்மா கேட்கிற மாதிரி, இந்த அம்மாவை எங்கே பிடித்தாய் என்று நாத்தனாரைக் கேட்டாள்.

காசில்டாவின் கை மாவிலேயே நின்றது. "நானா? நீங்கதானே அண்ணி வரச்சொன்னீங்க?"

வழக்கமாகச் செபம் சொல்லும் எயுஸ்தோலியா மகளின் பிரசவத்துக்கு நகரத்துக்குப் போயிருந்தாள். ஒருத்தி அழைத்திருப்பாள் என்று இன்னொருத்தி நினைத்திருக்கிறாள். இறந்த வீட்டில் செபம் சொல்ல வருகிறவர்களிடம் பெயரும் ஊரும் விசாரிப்பது அங்கே அசிங்கம். ஆகவே யாரும் விசாரிக்கவில்லை.

"விடுங்க அண்ணி. நல்லா பாடுறாங்க. திருடவா வந்தாங்க?" என்றாள் காசில்டா. சொல்லிவிட்டுக் கூடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை எர்லிந்தா வெட்கத்தை விட்டு, அந்தம்மாவை வேலிப் படலை அருகே மறித்தாள்.

"உங்கள யாரும்மா அனுப்பினாங்க?"

"சாவு வீட்டுக்கு யாரு அனுப்பணும் மகளே? கதவு திறந்திருந்துச்சு, வந்தேன்." அவள் சிரித்தாள். பல் எல்லாம் சின்னச் சின்னதாக, பால்பல் போல இருந்தது.

மறுநாள் காலை எர்லிந்தா தன் சால்வையைச் சிலுவையின் மேல் படாமல் பிடித்து அளந்து, முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் சால்வையை விரித்தாள். நுனியை உச்சந்தலையில் வைத்துக் குதிகால் வரை நீட்டினாள். முடிச்சு அங்கேதான் இருந்தது.

இத்தனை பயத்தை அவள் கணவன் செத்த அன்றுகூட அறியவில்லை.

பிள்ளையை ஒக்கோத்லானில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள். காசில்டா பதறிவிட்டாள். அப்பனின் சிலுவையை எடுக்கும் முன் பிள்ளை படி தாண்டினால் ஆன்மாவும் கூடவே போகும், வழியெல்லாம் அலையும். இதை எர்லிந்தாவும் சின்ன வயதிலிருந்து கேட்டுத்தான் வளர்ந்தாள். பிள்ளையை அனுப்பவில்லை.

அன்றிலிருந்து சிலுவை குறையவில்லை. வேண்டிய அளவு கிடைத்துவிட்டது போல நின்றுவிட்டது.

கடைசி நாள் மதியம் எல்லாரும் பின்கட்டில் சமையல் வேலையாக இருந்தார்கள். எர்லிந்தா சோளம் வேகவைக்கிற சுண்ணாம்பில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சிலுவைக்குப் பக்கத்தில், தலைக்கு நேராகத் தலை வைத்துப் படுத்து, தன் பாதம் எங்கே வருகிறது என்று விரலால் கீறிக்கொண்டாள். எழுந்து, அதுவரை சுண்ணாம்பை இழுத்தாள். தொடக் கூடாதுதான். தொட்டால் என்ன? யாராவது போகத்தான் வேண்டுமென்றால் நான் போகிறேன், என் பிள்ளை இருக்கட்டும். வாய்விட்டே சொன்னாள். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. பின்கட்டுக்குப் போய் வெங்காயம்கூட நறுக்கினாள்.

இருட்டுகிற நேரம். ஈர மண் வாடை. அந்தம்மா வந்தாள்.

சிலுவையைப் பார்த்தாள். யாரையும் பார்க்கவில்லை. பாட ஆரம்பித்தாள்.

"எழுந்து போ, அபுந்தியோ."

"நாங்கள் அனுப்புகிறோம்," என்றது கூட்டம்.

ஞானத்தகப்பன் சின்னத் துடைப்பத்தால் தலையைக் கூட்டித் தட்டில் எடுத்தார். எர்லிந்தா தன் தலையில் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. வலது கை. இடது கை. வாசலருகே மார்செலினா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் சர்க்கரை. நன்றாகத்தான் இருந்தாள்.

கால் வந்தது. அந்தம்மா பாட்டை நிறுத்தினாள்.

"இந்தக் கால் நான் போட்டதில்ல. போட்ட கைதான் எடுக்கணும்."

பாதி எடுத்த சிலுவையை விட்டுவைக்க முடியாது. துடைப்பம் கைமாறிக் கைமாறி எர்லிந்தாவிடம் வந்து சேர்ந்தது. அவள் மண்டியிட்டாள். இதற்குத்தானே போட்டாள். கூட்டி அள்ளினாள்.

பாட்டு மறுபடி எழுந்தது.

"எழுந்து வா, மார்செலினா."

"நாங்கள் அனுப்புகிறோம்."

ஒரு குரல் தடுமாறவில்லை. காசில்டாவின் குரல் நடுவில் தெளிவாகக் கேட்டது.

எர்லிந்தா கத்தினாள். கத்தியது வெளியே வரவில்லை. துடைப்பத்தைப் போட நினைத்தாள். கை போடவில்லை. கூட்டிக்கொண்டே இருந்தது.

"எழுந்து வா, மார்செலினா."

"இதோ வந்துட்டேன்," என்றாள் பிள்ளை, வாசலிலிருந்து.

ரொட்டியைப் பெஞ்சின் மேல் வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிள்ளை நடந்து வந்து, துடைத்த தரையில், தலை இருந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்தாள். கைகளை நெஞ்சில் மடித்தாள்.

கண் திறந்திருந்தது. எர்லிந்தாவின் கை பிள்ளையின் பாதங்களுக்குக் கீழே, தானே நீட்டிப் போட்ட கடைசி வெள்ளையையும் கூட்டிக்கொண்டிருந்தது.