பத்தொன்பது கீறல்கள்

இதை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அண்ணன் தங்கையான என்னிடம் சாப்பாட்டின் நடுவே விட்டுவிட்டுச் சொன்னதும், கடைசி நாள் நானே கண்டதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆனால் முதலில் அவன் கண்ணில் பட்டது நிறம்தான்.

பழைய மரச்சாமான்களைத் தனியாளாகச் சீர்செய்பவன் அவன். மரத்தில் பழைய காயம் கறுத்திருக்கும், புதியது வெளுத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில், மழை ஈரமும் பாலிஷ் நெடியும் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், சீர்செய்ய வந்திருந்த ஓர் ஆளுயர அலமாரியைத் திறந்தான். கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்தில், ஒரே ஒரு கீறல் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் கீழே மெல்லிய மரச் சுருள்கள்.

அங்கே முன்பு பத்தொன்பது கறுத்த கீறல்கள் இருந்தன. முந்தின நாள்தான் மரத்தூளைப் பசையில் குழைத்து எல்லாவற்றையும் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். "உள்பக்கம் தொட வேண்டாம் தம்பி. வெளியே தாழ்ப்பாள் மட்டும் கெட்டியா போட்டுக் குடுங்க" என்றுதான் அலமாரிக்கு உரிமையாளரான டீச்சர் சொல்லியிருந்தார். தாழ்ப்பாளைப் போட்ட பிறகும், அரைகுறையாக விட அவனுக்குக் கை வரவில்லை.

மறுநாள் இரண்டு கீறல். அதற்கடுத்த நாள் மூன்று. கதவைச் சாத்தினால் உள்ளேயிருந்து மிகச் சிறிய கை தட்டுவதுபோல் ஒரு சத்தம். திறந்தால் வெறும் மரம்.

"கட்டில் காலோட பேசுற ஆளாச்சே நீ. இப்ப அலமாரியும் பதில் சொல்லுதா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. டீச்சருக்குப் போன் போட்டான்.

"அழிச்சுட்டீங்களா?" என்றார் டீச்சர். "அது என் தங்கச்சி நாளுக்கு ஒண்ணா போட்ட கணக்கு தம்பி. பத்தொன்பதோட நின்னுபோச்சு. இனி முதல்லேருந்து ஆரம்பிப்பா."

"யாருமே திறக்கலையா?"

"எங்கம்மாதான் உள்ள தள்ளி அடைச்சாங்க. திறக்கக் கூடாதுன்னாங்க. எனக்கு எட்டு வயசு. அப்பவே தாழ்ப்பாள் எனக்கு எட்டும் தம்பி."

ஆறாம் நாள் தட்டல் தளர்ந்தது. ஏழாம் நாள் உள்ளேயிருந்து ஒரு குழந்தைக் குரல் தண்ணீர் கேட்டது. இன்னும் பன்னிரண்டு நாள். ஒரு குழந்தை சாவதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்ய அவனால் முடியவில்லை.

"மிச்சத்த நானே கீறி கணக்க முடிச்சுடுறேன். அந்தப் புள்ள போகட்டும், பாவம்" என்றான்.

நான் கடைக்குக் கிளம்பும்போது, உளியோடு அலமாரிக்குள் மண்டியிட்டிருந்தான். கதவு அகலத் திறந்திருந்தது.

ஒரு மணி நேரத்தில் திரும்பினேன். பட்டறையில் சத்தமில்லை. கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உளி தரையில் கிடந்தது.

திறந்தேன்.

பத்தொன்பது கீறல்கள். உள்ளே கிடந்த அண்ணன் விரல்களில் நகமில்லை. அன்று காலையில் மழித்த முகத்தில், பத்தொன்பது நாள் தாடி.

டீச்சர் அந்த மாதமே இறந்துபோனார். அலமாரியை எடுத்துப்போக யாரும் வரவில்லை; பட்டறையிலேயே நிற்கிறது. அண்ணன் பிழைத்துக்கொண்டான். பேச்சு மட்டும் போய்விட்டது. தினமும் என் எதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறான். அப்போதெல்லாம் பட்டறையிலிருந்து அவன் குரல் என்னைக் கூப்பிடுகிறது: "தங்கச்சி, கதவத் திறம்மா."