ஒட்டகச்சிவிங்கியை அழித்தவன்

"இங்க துடைப்பம் யாரு?"

சர்வர் அறைக் கதவு படாரென்று திறந்தது. மழையில் தொப்பலாக நனைந்து ஒருத்தி... கையில் தண்ணீர் சொட்டும் குடை. கண்களில் இடி, மின்னல் எல்லாம் இருந்தன.

அவன் பதறி எழுந்தான். "குடை! முதல்ல குடையை வெளிய வைங்க! தண்ணி பட்டா எல்லாம் போயிடும்!"

"போகட்டுமே! என் ஒட்டகச்சிவிங்கி மட்டும்தான் போகணுமா?"

அந்தப் பதிப்பகத்தில் அவள் புது ஓவியர். குழந்தைகளுக்காக அவள் வரையும் முதல் புத்தகம் அது. அவன் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். தற்காலிக ஃபைல்களைப் பெருக்கித் தள்ளும் புரோகிராம் ஒன்று அவன் பொறுப்பு. ஒரு வாரம் யாரும் திறக்காத ஃபைல் என்றால் தயவு தாட்சண்யமே கிடையாது. புரோகிராமுக்கும் அவனுக்கும் சேர்த்து ஆபீசே வைத்த பெயர்தான் துடைப்பம்.

"படத்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"டெம்ப் ஃபோல்டர்ல. அதுதான் சீக்கிரம் திறக்குது."

"அது குப்பைக்கூடைங்க! அதுல ஒட்டகச்சிவிங்கியைக் கட்டி வெச்சுட்டு, காணோம்னு என்கிட்ட கத்தினா?"

"திருப்பிக் கொடுங்க."

"அந்த ஃபோல்டருக்கு பேக்கப் கிடையாது..."

அவள் உதடு துடித்தது. 'ஸாரி சொல்லுடா மடையா' என்றது அவன் மனசு. வாய்தான் சொதப்பியது. "ரூல்னா ரூல்தாங்க. முதலாளி படமா இருந்தாலும் துடைச்சுடும்."

"அப்படியா? இனிமே என் புத்தகம் மொத்தமும் அங்கதான் இருக்கும். தினமும் திறப்பேன். கை வெச்சுப் பாருங்க!"

போய்விட்டாள். அவள் விட்டுப்போன ஈரத்தைத் துடைத்தபடி அவன் தனியாகச் சிரித்தான். அந்தக் கண்கள் மட்டும் அறையை விட்டுப் போகவேயில்லை.

அதன்பின் லிஃப்டில் பார்த்தால், "துடைப்பம் வருது, வழி விடுங்க" என்பாள் அவள். "ஒட்டகச்சிவிங்கி சௌக்கியமா?" என்பான் அவன். ஸாரி மட்டும் இரண்டு பக்கமிருந்தும் வரவில்லை. வீம்பு!

திடீரென்று அவள் அக்காவுக்குப் பிரசவ வலி. போட்டது போட்டபடி லீவில் ஓடினாள். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம்தான் உறைத்தது.

"ஐயையோ... என் புத்தகம்!"

ஒரு வாரம் எப்போதோ தாண்டியிருந்தது. அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம்.

"ஆபீசுக்கு ஒரு போன் பண்ணா தேஞ்சா போயிடுவ?" என்றாள் அக்கா.

"அவன்கிட்ட கெஞ்சணுமா? சரியான திமிர் பிடிச்சவன்க்கா."

"அவன் பேச்சை எடுத்தா உன் மூஞ்சி ஏன்டி இப்படிச் சிவக்குது?"

மறுநாள் காலை ஆபீசுக்கு வந்து, பாதி உயிரோடு கம்ப்யூட்டரைத் திறந்தாள். குரங்கு, ஆமை, புதிதாக வரைந்த ஒட்டகச்சிவிங்கி... ஒன்றுகூடக் குறையவில்லை! நேராக சர்வர் அறைக்கு ஓடினாள்.

"துடைப்பம் ரிப்பேரா?"

"இல்லியே. தினமும் வந்ததும் உங்க ஃபைலை ஒவ்வொண்ணா திறந்து மூடினேன். அவ்வளவுதான்."

"ஒவ்வொண்ணாவா?" அவளுக்குப் பகீரென்றது. அந்தப் படம்! முதலில் கோபத்தில் வரைந்த துடைப்பம் அது. பிறகு ஒரு மாலை மனசு கேட்காமல் அதற்கு அழகான கண்ணும் மீசையும் வைத்து, அதன் தோளில் ஒட்டகச்சிவிங்கி ஒன்றைச் சாய வைத்திருந்தாள்.

"அதையும்... பார்த்துட்டீங்களா?"

"மீசை கொஞ்சம் பெருசு."

அவளுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. சமாளித்துக்கொண்டு கேட்டாள். "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? வேற வழியே இல்லியா?"

"இருக்கு. உங்க ஃபோல்டரைத் தொடாதேன்னு புரோகிராம்ல ஒரு வரி எழுதினா போதும்."

"அப்புறம் ஏன் எழுதலை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எழுதிட்டா தினமும் திறக்க வேண்டியிருக்காதே... நீங்க இல்லாத ஆபீஸ்ல எனக்கு வேற என்ன இருக்கு பார்க்க? ஸாரிங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

வெளியே மழை சோவென்று கொட்டியது. அவள் கண்களும் நிறைந்துவிட்டன.

"அந்த வரியை இப்பவே எழுதிடுங்க."

அவன் முகம் தொங்கிப்போனது. "ஏங்க?"

"இனிமே தினமும் என்னையே பார்த்துக்கலாமே... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, மக்கு! சாயங்காலம் சேர்ந்தே போகலாம். குடையை இந்தத் தடவை வெளியதான் வெச்சிருக்கேன்."