மூன்றாவது டம்ளர்

அறையில் இருந்தது லோஷினி ஒருத்திதான். லேப்டாப் திரையில் ஓடியதோ இரண்டு கோடுகள்.

மேசைமேல் தீப்பெட்டி அளவில் இருந்த அந்த சென்சார், ஆள் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பிடித்துக் காட்டும். ஓர் ஆளுக்கு ஒரு கோடு, கோட்டின் பக்கத்தில் அந்த ஆள் இருக்கும் தூரம். மூச்சை அடக்கினால் கோடு தட்டையாகிவிடும்; இருவர் ஒட்டி இருந்தால் ஒரே கோடாகத் தெரியும். அடக்கிப் பார்த்தாள். மேல் கோடு படுத்தது. கீழ்க் கோடு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மீட்டர்.

வேறு அசைவு எதுவும் குழப்பக் கூடாதென்று காற்றாடியை அணைத்தாள். திரைச்சீலையைக் கழற்றினாள். கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரி வெளியே போட்டாள். கீழ்க் கோடு போகவில்லை. ஸ்கூடாய் ஊரில் மத்தியானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்த மழை தகரக் கூரையில் இரைந்தது. மூடிய அறைக்குள் ஈரத் துணி விட்டுப்போன வாடைக்கு அடியில் காய்ச்சிய பால் வாசனை மெல்லக் கிளம்பியது. வீட்டில் பாலே இல்லை.

மணி நாலு. ஐந்துக்குள் இறுதியாண்டு புரொஜெக்ட் தலைப்பைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரே வீட்டில் தங்கும் கூட்டாளி ரூபினியின் இடம் காலி. இருவர் கையெழுத்து இல்லாவிட்டால் படிப்பு அரை வருடம் தள்ளிப்போகும். போன வாரம் ஊருக்கு, சாஆவுக்கு, போனவள் இன்னும் திரும்பவில்லை. லோஷினி அவளுக்குப் போன் போட்டாள்.

"ரூபினி, சென்சார் கிறுக்குப் புடிச்ச மாதிரி ரெண்டு ஆளு காட்டுது. நீ எப்ப வந்து சைன் போடுவ?"



"லோஷி, நான் ஜேடன் குரூப்புல சேந்துட்டேன். அன்னாசித் தோட்டத்துக்கு மண் ஈரம் பாக்குற சென்சார். பாரம் குடுத்தாச்சு."

"அலமாக்! இது உன் ஐடியாலா! இததான் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னவ நீதானே?"

"எனக்கு நிச்சயமா தெரிஞ்சுக்கணும்."

"என்னத்த?"

"சாரி லோஷி." வைத்துவிட்டாள்.

பாவி, கழுத்தறுத்துவிட்டாளே! அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. லேப்டாப்பில் ரூபினி சேர்த்துவைத்திருந்த பழைய அளவுகளைத் திறந்தாள். இதே அறையில், தனியாக உட்கார்ந்து, தினமும் எடுத்தவை. தொடக்கத்தில் எல்லா நாளும் இரண்டு கோடு. ஒன்பதாம் தேதிவரை இரண்டு. பத்தாம் தேதியிலிருந்து ஒன்று.

ஒன்பதாம் தேதிதான் லோஷினி இந்த வீட்டுக்குக் குடிவந்தாள்.

"நான் வந்தப்ப பால் காய்ச்சல லோஷி. நீ காய்ச்சு, உன் கையால" என்று அன்று ரூபினி கெஞ்சினாள். புது வீட்டில் பால் காய்ச்சுகிறவள்தானே வீட்டுக்காரி என்று லோஷினிக்குப் பெருமை வேறு. பால் பொங்கியதும் மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள் ரூபினி.

"நாம ரெண்டு பேருதானே?"

"வீட்டுக்கு ஒண்ணு. அந்த மூலைல நீயே வச்சு, 'குடி'ன்னு சொல்லு."

லோஷினி மூலையில் வைத்து, 'குடி' என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் காலையில் டம்ளர் காலியாக இருந்தது. ரூபினி குடித்திருப்பாள் என்று நினைத்தாள்.

தன்னோடு இருந்த இதைத்தான் ரூபினி என் தலையில் கட்டியிருக்கிறாள். அது என்னிடம் கைமாறிவிட்டதா என்று பார்க்கத்தான் சென்சார், தலைப்பு, எல்லாம். கூடப் பிறந்தவளாய் நினைத்தேனே!

அந்த மூலையைப் பார்க்கத் துணிவு வரவில்லை. திரையில் கீழ்க் கோட்டைப் பார்த்தாள். இரண்டு மீட்டர்.

ஒன்றரை.

பால் வாசனை குப்பென்று ஏறியது.

ஒன்று.

சென்சாரையும் லேப்டாப்பையும் வாரிக்கொண்டு ஓடினாள். கூடம். கதவு. வாசல். போர்ட்டிக்கோ படியில் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. எதிர்வீட்டு மலர் ஆன்ட்டி தன் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லோஷினி சென்சாரைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

"அம்மா!" என்று வாய்விட்டு அழுதாள். அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

போன் அதிர்ந்தது. ரூபினி. 'இப்ப எத்தனை கோடு?'

'ஒண்ணு' என்று தட்டியவள், அனுப்புமுன் நிறுத்தினாள். எதற்கும் ஒரு தடவை.

மூச்சை அடக்கினாள்.

பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. பால் வாசனை.

மடியில், திரையில், கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது.